முட்டையிட மூன்று ஏக்கர்

கடற்பறவைக்கு வேண்டியதெல்லாம் கடலில் உண்டு. இரை உண்டு, காற்று உண்டு, சில இனங்களுக்கு உறக்கமும் அங்கேயே. முட்டையை மட்டும் தண்ணீரில் இட முடியாது. ஆண்டில் சில மாதங்களாவது அதற்குத் தரை வேண்டும். அதுவும் எந்தத் தரையாவது போதாது. எலி ஏறாத, நாய் வராத, மனிதக் கால் படாத தரையாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தரை பெரும்பாலும் நான்கு பக்கமும் கடல் சூழ்ந்த இடத்தில்தான் கிடைக்கும். உலகம் முழுக்கக் கடற்பறவைகள் தீவுகளைத் தேடிப் போவதன் காரணம் இவ்வளவுதான்.

இதை எழுதத் தோன்றியது கன்னியாகுமரிக் கரையில் ஒரு சுற்றுலாப் பயணி கேட்ட கேள்வியால். "இத்தனை பறவைகள் இருக்கின்றனவே, இவை எங்கே குஞ்சு பொரிக்கின்றன?" என்று பக்கத்தில் நின்ற சங்கு வியாபாரியிடம் கேட்டார். வியாபாரி சற்றும் தயங்காமல் கடலுக்குள் இருக்கும் பாறைகளைக் கைகாட்டினார். விற்பனைக்காரரின் பதில் அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேள்வி என்னோடு வந்துவிட்டது.

அந்தப் பாறைகளைப் பாருங்கள். ஒன்றில் 1970 முதல் விவேகானந்தர் மண்டபம். இன்னொன்றில் 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலை. 2024 டிசம்பர் கடைசியில் இரண்டையும் இணைத்து 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலமும் வந்துவிட்டது. படகு நிற்காத சின்னப் பாறைகள் சில மிஞ்சியிருக்கின்றன. பறவைகள் அமர்வது அவற்றில்தான். அமர்ந்து, இறகு கோதி, எச்சமிட்டு, எழுந்து போய்விடும். ஆனி ஆடியில் அலை அந்தப் பாறைகளின் உச்சியைத் தாண்டி அடிக்கும். அலை அடங்கிய மாதங்களில் காகம் இருக்கும். அங்கே நான் பறவையைப் பார்த்திருக்கிறேன், முட்டையைப் பார்த்ததில்லை.

குளிர்காலத்தில் மணக்குடிப் பொழிமுகத்திலும் புத்தளம் உப்பளங்களிலும் கூட்டமாக வந்து நிற்கும் பழுப்புத்தலைக் கடற்காகங்கள்கூட இந்த ஊர்ப் பிறப்பல்ல. அவை பிறப்பதும் பெரும்பாலும் நீர் சூழ்ந்த திட்டுகளில்தான். ஆனால் அந்த நீர் கடல் அல்ல. லடாக்கின் சோ மோரிரி போன்ற ஏரிகள், கடல் மட்டத்திலிருந்து 4,500 மீட்டர் உயரத்தில் இருப்பவை. பனிப் பாலைவனத்து ஏரித்தீவில் பிறந்த பறவை நம் மீன் சந்தைக் கழிவுக்குச் சண்டை போடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. அதை விட்டுவிடுவோம். நான் பேச வந்தது கரையில் நிற்காத பறவைகளைப் பற்றி.

அவற்றைத் தெரிந்தவர்கள் எங்கள் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறார்கள். நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள தூத்தூர் பகுதி ஊர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆழ்கடலில் சுறா பிடிப்பதற்குப் பெயர் போன ஊர்கள். ஒரு விசைப்படகில் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறி, ஐஸும் அரிசியும் டீசலும் நிறைத்துக்கொண்டு புறப்பட்டால் திரும்பி வர வாரங்கள் ஆகும். லட்சத்தீவுக்கு அப்பால், மாலத்தீவின் ஓரம், ஓமன் பக்கம், தெற்கே சாகோஸ் தீவுகள் வரை போய் வந்தவர்கள் இங்கே தெருவுக்கு ஒருவர் கிடைப்பார். என் பெரியப்பா அவர்களில் ஒருவர். இப்போது வயதாகிவிட்டது. மாலையில் கோவில் குருசடித் திண்ணையில் உட்கார்ந்து அடுத்தவர்களின் படகுகளைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெரியப்பாவுக்குப் பறவைகளின் பெயர்கள் அதிகம் தெரியாது. எல்லாமே ஆலா, இல்லையென்றால் கடற்காக்கை. ஆனால் ஒரு பறவை என்ன செய்கிறது என்று அவர் சொல்வதைக் கேட்க வேண்டும்.

"தாழப் பறந்து, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்து கொத்தினால் அடியில் சூரை இருக்கிறது. உயரத்தில் பேசாமல் ஒரே திசையில் போனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது, பின்னால் போகாதே மக்களே, டீசல்தான் தீரும்."

முதல் பாதியைப் பறவையியலும் அப்படியே சொல்கிறது. சூரையும் கேரையும் கூட்டமாக வேட்டையாடும்போது சின்ன மீன்கள் தப்பிக்க வழியின்றி மேலே வருகின்றன. மேலே காத்திருப்பது கரும்பழுப்பு முதுகும் வெள்ளை வயிறும் கொண்ட கரு ஆலா. அதற்கு ஆழமாக மூழ்கத் தெரியாது. நீர்ப்பரப்பை ஒட்டி வருவதைக் குனிந்து கவ்வத்தான் தெரியும். பெரிய மீன் கீழிருந்து துரத்தாவிட்டால் வெப்பமண்டலக் கடல் நடுவில் அந்தப் பறவைக்குச் சோறில்லை. பறவையைப் பார்த்து மீனவன் சூரையைக் கண்டுபிடிக்கிறான், சூரையை நம்பிப் பறவை பிழைக்கிறது. இன்று படகில் ஜிபிஎஸும் எக்கோ சவுண்டரும் இருக்கின்றன. இருந்தாலும் சூரை தேடும்போது கண் மேலேதான் போகிறது என்கிறார்கள் என் வயதுக்காரர்கள்.

இரண்டாம் பாதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. உயரத்தில் பேசாமல் ஒரே திசையில் போகிற பறவைக்கு என்ன வேலை? பெரியப்பாவிடமே கேட்டேன். "மாலையில் வாயில் மீனோடு போனால், அந்தப் பக்கம் எங்கோ கரை இருக்கிறது. குஞ்சுக்கு எடுத்துப் போகிறது" என்றார். பெரிய கொண்டை ஆலா அப்படித்தான் செய்யும். அலகில் ஒரு மீனைக் குறுக்காகக் கவ்வியபடி நேர்கோட்டில் பறக்கும். கரு ஆலா மீனை விழுங்கிக்கொண்டு போய்க் குஞ்சின் முன்னால் கக்கும். இரண்டும் போய்ச் சேருவது தீவுக்கு.

எங்கள் கடலுக்கு அருகிலிருக்கும் அப்படிப்பட்ட இடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது பிட்டி. பக்ஷிப்பிட்டி என்றும் சொல்வார்கள். லட்சத்தீவின் தலைநகரான கவரத்திக்கு வடமேற்கே 24 கிலோமீட்டர், கன்னியாகுமரியிலிருந்து அளந்தால் சுமார் 600 கிலோமீட்டர். பரப்பளவு 1.2 ஹெக்டேர், நம் கணக்கில் மூன்று ஏக்கர். ஊரில் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருப்பவரை யாரும் பெரிய நிலக்கிழார் என்று சொல்ல மாட்டார்கள். பிட்டியில் அந்தத் தென்னையும் இல்லை. மரமில்லை, குடிநீரில்லை, நிழலில்லை. பவளச் சில்லும் மணலும்தான். மனிதர் வாழ லாயக்கில்லை என்பதே அதன் முதல் தகுதி. கரு ஆலா, பெரிய கொண்டை ஆலா, உடல் முழுக்கப் பழுப்பும் உச்சியில் மட்டும் வெளுப்புமாக இருக்கும் நோடி என்னும் பறவை ஆகியவை அங்கே முட்டையிடுவது நெடுங்காலமாகப் பதிவாகியிருக்கிறது. பிரிட்டிஷ் அதிகாரியும் பறவையியலாளருமான ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1875இல் லட்சத்தீவுப் பயணத்தின்போது அங்கே போனார். பத்தாண்டு கழித்துக் காங்கிரஸ் கட்சி தொடங்கக் காரணமாக இருந்த அதே ஹியூம்தான். காங்கிரஸ் வரலாற்றில் அவருக்குக் கிடைக்கும் பக்கங்களில் பிட்டிக்கு இடமில்லை.

மூன்று ஏக்கரில் என்ன நடந்துவிடும் என்று தோன்றலாம். கரு ஆலாவின் வாழ்க்கையைக் கேட்டால் அப்படித் தோன்றாது. பறக்கத் தொடங்கிய இளம்பறவை கடலுக்குள் போனால் சில ஆண்டுகளுக்குத் தரைக்குத் திரும்புவதே இல்லை. அதன் இறகு தண்ணீரை நன்றாகத் தடுக்காது. நீரில் உட்கார்ந்தால் நனைந்து கனத்துவிடும். அதனால் பெரும்பாலும் காற்றிலேயே வாழ்கிறது, தின்பதும் தூங்குவதும் பறந்தபடியே. முதிர்ந்து இணை தேடும் வயது வந்ததும் தரைக்கு வருகிறது. மணலில் ஒரு சிறு பள்ளம், அதில் ஒரே முட்டை. அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். ஆயுள் நீளம், முப்பது ஆண்டைத் தாண்டியவை உண்டு. நீண்ட காலம் வாழ்ந்து மெதுவாகப் பெருகும் உயிர்களிடம் ஒரு சிக்கல் இருக்கிறது. கூட்டில் இழப்பு தொடர்ந்தாலும் கடலில் பறவைகள் குறையாததுபோலவே தெரியும். கிழப்பறவைகள் பறந்துகொண்டிருக்கும் வரை யாருக்கும் சந்தேகம் வராது.

இழப்புக்குப் பெரிய காரணம் ஏதும் வேண்டியதில்லை. படகில் வந்தவர்கள் இறங்கி நடந்தால் போதும், பெற்றோர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே எழும்பிவிடும். அவை அமர்ந்திருப்பது முட்டையைச் சூடாக்க மட்டுமல்ல, நண்பகலில் வெயிலை மறைக்கவும்தான். நிழலில்லாத பவள மணலில் முட்டை சில நிமிடங்களிலேயே வெந்துவிடும். மிதித்தது, எடுத்துத் தின்றது எல்லாம் இதற்கு மேல். பிட்டியைச் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 2020இல் லட்சத்தீவு நிர்வாகம் கடற்பறவைக் காப்பகமாக அறிவித்தது. நல்ல செய்தி. ஆனால் அறிவிப்புப் பலகை எலிக்குப் படிக்கத் தெரியாது.

எலி என்றதும் கதை தெற்கே போகிறது. சாகோஸ் தீவுகள் எங்கள் கரையிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல். தூத்தூர்க்காரர்கள் 'டீகோ' என்று சுருக்கிச் சொல்வது அதன் பெரிய தீவான டீகோ கார்சியாவை. எல்லை தாண்டியதாகப் பிரிட்டிஷ் ரோந்துக் கப்பலிடம் பிடிபட்டு, படகையும் மீனையும் இழந்து திரும்பியவர்களின் கதைகள் எங்கள் பகுதியில் ஏராளம். அந்தத் தீவுகளின் வரலாறு இதைவிடக் கசப்பானது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் எண்ணெய்க்காகத் தென்னந்தோப்பு போட ஆட்களைக் கொண்டுவந்தார்கள். இயற்கைக் காடு போய்த் தென்னை வந்தது. கப்பலோடு எலியும் வந்தது. பிறகு 1968 முதல் 1973 வரை, அமெரிக்க ராணுவத் தளத்துக்காக அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த மக்களைப் பிரிட்டன் மொத்தமாக வெளியேற்றியது. மனிதர்களை அப்புறப்படுத்திவிட்டார்கள். எலிகள் இருந்துவிட்டன.

தற்செயலாகச் சில தீவுகளில் மட்டும் எலி ஏறவே இல்லை. ஒரே கடல், ஒரே மழை, ஒரே பவளம், சில தீவுகளில் எலி, சிலவற்றில் இல்லை. ஆய்வாளனுக்கு இதைவிட வசதியான ஏற்பாடு அமையாது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் கிரஹாமும் கூட்டாளிகளும் எலி உள்ள ஆறு தீவுகளையும் இல்லாத ஆறு தீவுகளையும் ஒப்பிட்டு, 2018இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். எலி இல்லாத தீவுகளில் கடற்பறவைகளின் அடர்த்தி 760 மடங்கு அதிகம். எழுபத்தாறு அல்ல, எழுநூற்று அறுபது. அச்சுப்பிழையோ என்று நானும் திரும்பப் படித்தேன். எச்சத்தின் வழியே மண்ணில் சேரும் நைட்ரஜன் 251 மடங்கு அதிகம்.

அதற்குப் பிறகு வருவதுதான் மீன்காரர்களுக்கான செய்தி. பறவை ஆழ்கடலில் தின்கிறது, தீவில் எச்சமிடுகிறது. மழை அதைக் கரைத்துக் கடலில் சேர்க்கிறது. தீவைச் சுற்றியுள்ள பவளப் பாரில், அதாவது கடலடிப் பவளப்பாறைத் திட்டில், பாசி வளர்கிறது, பாசியைத் தின்னும் மீன் வளர்கிறது. எலி இல்லாத தீவுகளைச் சுற்றிய பார்களில் மீன்களின் மொத்த எடை 48 சதவீதம் அதிகமாக இருந்தது. அந்த நைட்ரஜன் பறவையிலிருந்து வந்ததுதானா என்பதையும் சோதித்தார்கள். கடலில் மீன் தின்னும் பறவையின் எச்சத்தில் நைட்ரஜனின் கனமான வகை கூடுதலாக இருக்கும். தீவின் இலையில், பக்கத்துக் கடலின் பாசியில், மீனின் தசையில் அதே அடையாளம் தொடர்ந்து வந்தது. எலி உள்ள தீவுகளில் அந்தத் தடம் மங்கியிருந்தது.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் நிறுத்தியது தென்னையில். "தென்னை நின்றால் தீவு கெட்டுவிடுமா?" என்று கேட்டார். எங்கள் மாவட்டத்தில் தென்னையைப் பற்றித் தவறாகப் பேசுவது தாயைப் பற்றிப் பேசுவதுபோல. கெட்டுவிடாது. ஆனால் நெருங்கி நட்ட தோப்பில் பறவைக்குக் கூடு கட்ட இடம் குறைவு, விழும் தேங்காயோ எலிக்கு ஆண்டு முழுக்கச் சோறு. படங்களில் நாம் அழகான தீவு என்று ரசிப்பது பல நேரங்களில் பறவை இழந்த தீவு. வெளுத்து, எச்ச நாற்றம் அடித்து, காது கிழியக் கத்தும் மொட்டைத் திட்டுதான் நலமாக இருக்கிறது.

எலியை ஒழிக்க முடியாதா என்றால், முடியும். தென் அட்லாண்டிக்கில் தெற்கு ஜார்ஜியா என்ற பெரிய தீவில் ஹெலிகாப்டரில் விஷ உணவு தூவி, 2018இல் எலி இல்லை என்று அறிவித்தார்கள். சாகோஸிலும் சின்னத் தீவுகளில் ஒழித்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சினை எலி மிஞ்சினாலும் வேலை வீண். அதனால்தான் எலி இன்னும் ஏறாத திட்டுகளின் மதிப்பு அதிகம். பிட்டி போன்ற இடத்தில் ஒரு படகு ஒதுங்கினால், மீனுக்கும் வலைக்கும் நடுவே குடியிருக்கும் எலி நீந்திக் கரையேற நேரம் ஆகாது. படகில் எலி இருக்குமா என்று எங்கள் ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். நைலான் வலையைக் கடித்துத் துளை போட்டது யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

இங்கே ஒரு ஆசை எழும். எங்கள் வாட்ஜ் பேங்க் கடலின் மீன்வளமும் இந்தப் பறவைகளின் கொடை என்று எழுதிவிடலாம். கட்டுரைக்கு அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. கன்னியாகுமரிக்குத் தெற்கே விரிந்திருக்கும் அந்த ஆழமற்ற மேடை செழிப்பதற்குக் காரணம், தென்மேற்குப் பருவக்காற்று மேல்நீரைத் தள்ளும்போது அடியிலிருந்து சத்துமிக்க குளிர்நீர் மேலே வருவது. 1976இல் இந்தியாவும் இலங்கையும் செய்த உடன்பாட்டில் வாட்ஜ் பேங்க் மீது இந்தியாவுக்கு இறையுரிமை உறுதியானதும் அந்த வளத்துக்காகத்தான். பறவைகள் அங்கே வருவது தின்பதற்கு. கொடுக்கல் வாங்கலில் நாம் கொடுக்கும் பக்கத்தில் இருக்கிறோம். எங்கள் கடலின் ஒரு பங்கு ஏதோ ஒரு மொட்டைத் திட்டுக்கு எச்சமாகப் போய்ச் சேருகிறது. எனக்கு அதில் வருத்தமில்லை.

கிழக்கே ராமேஸ்வரம் தீவின் முனையில் தொடங்கும் மணல் திட்டுகளும் ஆலாக்களின் பிறப்பிடம்தான். சேதுக் கால்வாய்க்காக அந்த இடம் நீதிமன்றம் வரை போன ஆண்டுகளில், அதை யார் கட்டினார் என்று நாடே வாதாடியது. அங்கே யார் முட்டையிடுகிறார் என்ற கேள்வி அவ்வளவு உரக்கக் கேட்கவில்லை.

தீவே இல்லாமல் போவதும் நடக்கிறது. லட்சத்தீவின் பங்காரம் பவளத்திட்டில் இருந்த பரளி 1 என்ற குட்டித் தீவு 2017 வாக்கில் முழுவதும் அரித்துப்போய்விட்டதாக ஆய்வு வந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கு எடுத்தது அதில் பெரும் பங்கு. வெட்டியவர்கள் வேறு நாட்டுக்காரர்கள் அல்ல.

சாகோஸைச் சுற்றி 2010இல் 6,40,000 சதுர கிலோமீட்டர் கடலில் மீன்பிடித் தடை போட்டார்கள். பெரியப்பாவுக்கு அதில் கோபம். "பறவையைக் கொன்றது எலி, பிடிபடுவது எங்கள் படகு" என்றார். நான் முழுதாக அவர் பக்கம் இல்லை. சுறாவின் நிலை என்ன என்று அவருக்கே தெரியும், சுறா குறைந்துவிட்டது என்று திண்ணையில் முதலில் புலம்புபவர் அவர்தான். ஆனாலும் எலி வாழும் தீவைச் சுற்றிக் கடலை மட்டும் பூட்டி வைத்தால் பறவை திரும்பாது என்பதில் அவர் சொல்வது சரி.

எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு மீன்பிடித் தடைக்காலங்கள். சின்னமுட்டம் கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த இரண்டாவது தடையின்போது முட்டம் குன்றில் போய் நில்லுங்கள். விசைப்படகுகள் துறைமுகத்தில் நெருக்கியடித்து நிற்கும். கச்சான் காற்று முகத்தில் அடிக்கும். பைனாகுலர் இருந்தால் அலைகளுக்கு மேல் ஒற்றையாகவும் சிறு கூட்டமாகவும் ஆலாக்கள் போவது தெரியும். குடை பிடிக்க முயல வேண்டாம்.

அதே மாதங்களில் புயல் காற்றில் களைத்த பறவைகள் கரையில் ஒதுங்குகின்றன. கரு ஆலா, நோடி, எப்போதாவது பிளவுபட்ட வால் கொண்ட ஃப்ரிகேட். நல்ல மனதோடு பிள்ளைகள் அதைத் தூக்கித் திரும்பக் கடலில் வீசுவதைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். நீந்திப் பிழைக்கும் பறவையாக இருந்தால் அது கரைக்கு வந்தே இருக்காது. காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், நாயும் காகமும் எட்டாத நிழலில் வைத்து, வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாமல், வனத்துறைக்குச் சொல்லுங்கள். அலகு கூரியது, கண்ணைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். காலில் உலோக வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள எழுத்தையும் எண்ணையும் படமெடுத்து அனுப்புங்கள். நம் நாட்டில் போட்டதாக இருந்தால் பெரும்பாலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பெயர் இருக்கும். எந்தத் திட்டில், எந்த ஆண்டில் வளையம் போட்டார்கள் என்பது அவர்களின் பதிவேட்டில் கிடைக்கும்.